பேட்மேனுக்கு முகமூடி மாட்டியவர் யார்?

பேட்மேனை உருவாக்கியவர் யார்? புதிர்ப்போட்டியில் இந்தக் கேள்வி வந்தால் 2015ஆம் ஆண்டு வரை ஒரே விடைதான்: பாப் கேன். சித்திரக்கதை, தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் என எதைத் திறந்தாலும் அந்த ஒரு பெயர்தான் இருக்கும். கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய மூன்று படங்களிலும் அப்படித்தான். இன்று அதே விடையை எழுதினால் பாதி மதிப்பெண்தான் கொடுக்க வேண்டும். 'பாப் கேன், பில் ஃபிங்கருடன் சேர்ந்து' என்று இப்போது திரையிலேயே போடுகிறார்கள்.

அந்த இரண்டாவது பெயர் வந்து சேர 76 ஆண்டுகள் ஆயின. அதை முதலில் விரிவாகக் கேட்டு எழுதி வைத்தவர்கள் வழக்கறிஞர்களோ பத்திரிகையாளர்களோ அல்லர், ரசிகர்கள்.

எந்தக் கதாநாயகனுக்கு வலிமை அதிகம், எந்தப் பாகம் சிறந்தது, இதை எழுதியது யார், அதை வரைந்தது யார் என்று நாம் புலனக் குழுக்களில் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களிடம் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது.

சிவப்பு உடையில் ஒரு வௌவால்

1938ல் அமெரிக்காவில் சூப்பர்மேன் வெளிவந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. அதே போல் இன்னொரு நாயகன் வேண்டும் என்று பதிப்பாளர்கள் தேடினார்கள். 'நான் தருகிறேன்' என்று முன்வந்தவர் பாப் கேன் என்ற இளம் ஓவியர். அவர் வரைந்த முதல் படத்தை விவரித்தால் நமக்குச் சிரிப்பு வரும். சிவப்பு நிற இறுக்க உடை, முதுகில் விறைப்பான இரண்டு இறக்கைகள், கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. வௌவால் என்ற எண்ணம் இருந்தது. பேட்மேன் இல்லை.

அந்தப் படத்தை அவர் பில் ஃபிங்கரிடம் காட்டினார். காலணி விற்று வந்த ஃபிங்கருக்கு எழுத்தாளராக வேண்டும் என்று ஆசை. தலையை மூடும் கவசம் போட்டு அதில் காது வைக்கலாம், விறைப்பான இறக்கைக்குப் பதில் மடிந்து விழும் மேலங்கி கொடுக்கலாம், கையுறை மாட்டலாம், சிவப்பை எடுத்துவிட்டு இருண்ட நிறம் பூசலாம் என்று அவர் சொன்னார். புரூஸ் வேய்ன் என்ற பெயரும் அவர் வைத்ததே. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் தி புரூஸிடமிருந்து பாதி, அமெரிக்கத் தளபதி அந்தோணி வேய்னிடமிருந்து மீதி. கோத்தம் நகரத்தின் பெயரைத் தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு நகைக்கடையின் பெயரைப் பார்த்து எடுத்தார். 1939 மே மாதம் என்று தேதியிட்ட 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் வந்த முதல் கதையை எழுதியவரும் அவரே. அப்போது கேனுக்கு 23 வயது, ஃபிங்கருக்கு 25. ஏறக்குறைய நம் வயது.

ஆனால் பதிப்பகத்துக்குப் போய்ப் பேசியவர் கேன் மட்டும்தான். ஒப்பந்தமும் அவர் பெயரில்தான். கதைகளில் அவர் கையெழுத்து மட்டுமே இருக்கும் என்று முடிவாயிற்று. ஃபிங்கர் அவரிடம் சம்பளத்துக்கு எழுதுபவர் ஆனார். பிறகு பதிப்பகத்துக்கே நேரடியாக எழுதியபோதும் நிலைமை மாறவில்லை. ஜோக்கர், ராபின், பெங்குவின், கேட்வுமன் என்று நாம் அறிந்த பாத்திரங்கள் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. அந்தப் பக்கங்கள் எதிலும் அவர் பெயர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கேனின் கையெழுத்தோடு வந்த படங்களில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் கேனும் வரையவில்லை. ஷெல்டன் மோல்டாஃப் போன்றவர்கள் பெயர் தெரியாமல் வரைந்து கொடுத்தார்கள்.

தீயணைப்பு வீரரும் பேராசிரியரும்

1960களில் சித்திரக்கதை ரசிகர்கள் தாங்களே தட்டச்சு செய்து, படியெடுத்து, அஞ்சலில் அனுப்பிக்கொள்ளும் சிற்றிதழ்களை நடத்தினார்கள். 'பேட்மேனியா' அவற்றில் ஒன்று. அதை நடத்திய பில்ஜோ வைட் ஒரு தீயணைப்பு வீரர். இன்னொரு தீவிர ரசிகர் ஜெர்ரி பெய்ல்ஸ், டெட்ராய்ட் நகரில் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்பித்தவர். (புரூஸ் வேய்னின் குடும்பப் பெயரும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒரே தளபதியிடமிருந்து வந்தவை என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.)

1965ல் நியூயார்க்கில் ரசிகர்கள் ஏற்பாடு செய்த ஒரு மாநாட்டில் ஃபிங்கர் மேடையேறிப் பேசினார். பெய்ல்ஸ் அவரிடம் விவரங்களைக் கேட்டறிந்து, பேட்மேனில் ஃபிங்கரின் பங்கு என்ன என்பதைக் கட்டுரையாக எழுதி மற்ற ரசிகர்களுக்கு அனுப்பினார். அவ்வளவுதான் நடந்தது. கூட்டம் சிறியது, இதழ் சிறியது, படித்தவர்களும் அதிகமில்லை.

கேனுக்குக் கோபம் வந்தது. 'பேட்மேனியா'வுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஃபிங்கர் தமக்கு உரியதைவிட அதிகமாகப் பெயர் கேட்கிறார் என்றும் பேட்மேனை உருவாக்கியவர் தாம் ஒருவரே என்றும் அதில் வாதிட்டார். இதை யோசித்துப் பாருங்கள். 1966ல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வந்து நாடே அதைப் பார்ப்பதற்குச் சற்று முந்தைய காலம் அது. பெயர் பெற்ற ஒருவர், ஒரு தீயணைப்பு வீரர் ஓய்வு நேரத்தில் நடத்தும் சிற்றிதழுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி சரியான இடத்தில் குத்தியிருக்கிறது.

அந்தத் தொடரில் கடிகார மன்னன் என்ற வில்லன் வரும் இரண்டு பகுதிகளை ஃபிங்கர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். அவர் உயிரோடிருந்த காலத்தில் பேட்மேன் திரையில் அவருக்குக் கிடைத்த ஒரே எழுத்தாளர் பெயர் அதுதான். 1974ல், 60 வயதை எட்டும் முன்பே காலமானார்.

1989ல் கேன் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். ஃபிங்கருக்கு உரிய பெயர் கிடைக்காமல் போனதை அதில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தமாகவே இருந்தது. அந்த ஆண்டு வெளிவந்த டிம் பர்ட்டனின் திரைப்படத்திலும் பாப் கேன் மட்டும்தான்.

பிறகு மார்க் டைலர் நோபிள்மன் என்ற எழுத்தாளர் சிறுவர்களுக்காக ஃபிங்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் கிளம்பினார். ஃபிங்கரின் ஒரே மகன் 1992லேயே இறந்துவிட்டதால் உரிமை கேட்க வாரிசு இல்லை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். தேடியலைந்த நோபிள்மன், ஃபிங்கர் இறந்த பின் பிறந்த ஒரு பேத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். அவருடைய புத்தகம் 2012ல் வந்தது. 2015 செப்டம்பரில் டிசி நிறுவனம் ஃபிங்கரின் பெயரைச் சேர்ப்பதாக அறிவித்தது. 'கோத்தம்' தொடரிலும் 2016ல் வந்த 'பேட்மேன் எதிர் சூப்பர்மேன்' படத்திலும் அது இடம்பெற்றது. 1965ல் பெய்ல்ஸ் கேட்டு எழுதாமல் இருந்திருந்தால், பல ஆண்டு கழித்துத் தேடியவருக்குப் பிடித்து ஏற ஒரு நூல் குறைந்திருக்கும்.

'கருதுகிறேன்' என்ற ஒரு சொல்

பேட்மேன் கதையில் நியாயம் யார் பக்கம் என்பது ஓரளவு தெளிவு. ஸ்பைடர்மேன் விஷயத்தில் அப்படியில்லை. ரசிகர்கள் இன்றும் இரண்டு அணியாக நிற்கிறார்கள்.

மார்வெல் நிறுவனத்தில் ஸ்டான் லீ வேலை செய்த முறை தனி. கதையின் சுருக்கத்தை ஓவியரிடம் சொல்வார். ஓவியர் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்து முழுக் கதையாக வரைந்து வருவார். அதன் பிறகு லீ வசனம் எழுதுவார். அப்படியென்றால் கதை யாருடையது? சுருக்கம் சொன்னவருடையதா, இருபது பக்கத்துக்கு அதை நடத்திக் காட்டியவருடையதா? ஸ்பைடர்மேனின் உடையை, அந்த முழு முகமூடியை வடிவமைத்து வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. 1965 வாக்கில் கதையமைப்பும் தம்முடையது என்று இதழிலேயே பெயர் பெற்றார். மறு ஆண்டே மார்வெலை விட்டு விலகினார்.

1999ல் ஸ்டான் லீ ஒரு திறந்த மடல் வெளியிட்டார். டிட்கோவை ஸ்பைடர்மேனின் இணைப் படைப்பாளராகவே தாம் எப்போதும் கருதி வந்திருப்பதாக அதில் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். டிட்கோ தீரவில்லை என்றார். 'கருதுகிறேன்' என்பது ஒருவரின் எண்ணம். 'அவர்தான் படைப்பாளர்' என்று ஒப்புக்கொள்வதாகாது என்பது அவர் வாதம். முதலில் படித்தபோது இது வீண் பிடிவாதமாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் தேர்வுத்தாளில் 'திருவள்ளுவர் திருக்குறளை இயற்றியவராகக் கருதப்படுகிறார்' என்றும் 'திருக்குறளை இயற்றியவர் திருவள்ளுவர்' என்றும் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றா?

2007ல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் இதே கேள்வியை லீயிடம் நேரடியாகக் கேட்டார்கள். எண்ணம் யாருக்கு உதித்ததோ அவரே உருவாக்கியவர் என்பதே தம் நிலைப்பாடு என்று அவர் மழுப்பாமல் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம். ஒப்புக்கொள்ளத்தான் என்னால் முடியவில்லை. எண்ணம் மட்டும் போதும் என்றால், விறைப்பான இறக்கை கட்டிய சிவப்பு உடைக்காரர்தான் பேட்மேன். அவரை யாராவது 76 ஆண்டு நினைவில் வைத்திருப்பார்களா?

வாழைப்பழம் யாருடையது?

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். கவுண்டமணி, செந்தில் வாழைப்பழக் காட்சியைப் பார்க்காத தமிழ் மாணவர் மலேசியாவில் இருக்க வாய்ப்பில்லை. 'கரகாட்டக்காரன்' வெளிவந்தது 1989ல், நாம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. அப்படியும் அந்தக் காட்சி மீம்களாக இன்றுவரை நம் கைப்பேசிகளில் சுற்றுகிறது. கவுண்டமணி காமெடி என்போம், செந்தில் காமெடி என்போம், படத்தின் இயக்குநர் கங்கை அமரன் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அந்த நகைச்சுவைப் பகுதியை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரைச் சொல்பவர் எத்தனை பேர்? அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் கதை ஒரு பக்கம் ஓடும், நகைச்சுவை தனித் தடத்தில் ஓடும். அந்தத் தடத்தை எழுதித் தருவதற்கென்றே ஆள்கள் இருந்தார்கள். கவுண்டமணி, செந்தில் இணைக்கு அப்படி எழுதிக் கொடுத்தவர் வீரப்பன்.

இதற்கு நேர்மாறு கிரேஸி மோகன். 'மைக்கேல் மதன காமராஜன்', 'அவ்வை சண்முகி', 'பஞ்சதந்திரம்' ஆகிய படங்களின் வசனத்தைப் பேசும்போதே ரசிகர்கள் அவர் பெயரையும் சேர்த்துப் பேசுகிறார்கள். நாடக மேடையில் முன்பே பெயர் பெற்றிருந்தது ஒரு காரணம். வார்த்தை விளையாட்டு என்றாலே இவர் என்று அடையாளம் காணும்படி எழுதியது இன்னொரு காரணம்.

இதில் ஒரு நியாயமான எதிர்வாதமும் உண்டு. அந்த வாழைப்பழ வசனத்தைத் தாளில் படித்தால் அவ்வளவு சிரிப்பு வராது. செந்திலின் அப்பாவி முகமும் கவுண்டமணியின் பொறுமை படிப்படியாகக் கழன்று விழுவதும் சேர்ந்தால்தான் அது அந்தக் காட்சி. எழுதியவர் ஒருவரே உருவாக்கியவர் என்று அடம்பிடித்தால், நாம் ஸ்டான் லீயின் கட்சியில் சேர்ந்துவிடுவோம். நடித்தவர்களின் பங்கைக் குறைக்க வேண்டியதில்லை, எழுதியவரையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

ராஜூவும் கோபாலும்

'உப்பின் இப்பின்' தொடங்கியது 2007 நோன்பு மாதத்தில். ஆறே பகுதிகளாக டிவி9ல் ஒளியேறியது. புர்ஹானுடின் ராட்சி, ஐனோன் அரிஃப் தம்பதியர் நிறுவிய 'லெஸ் கோப்பாக்' நிறுவனத்தின் தயாரிப்பு அது. அந்த நிறுவனத்தில் அவர்களுடன் தொடக்கத்திலிருந்தே இருந்தவர்கள் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள்: நிசாம் ரசாக், சஃப்வான், உசாமா. 2009ல் 'கெங்' என்ற முழுநீளப் படத்தை நிசாம் இயக்கினார். அதே ஆண்டில் அவர்கள் தனியே சென்று 'அனிமோன்ஸ்தா' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2011ல் 'போபோய்போய்' பிறந்தது.

உப்பின் இப்பின் நிறுவனத்தின் சொத்து. அது இன்றும் அங்கேயே இருக்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. உருவாக்கிய இளைஞர்கள் தங்கள் கைவண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனார்கள். இங்கே யார் பெயரும் மறைக்கப்பட்டது என்று சொல்ல வரவில்லை. உரிமை ஒருவரிடம், உருவாக்கம் இன்னொருவரிடம் இருக்கலாம் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடைக்காது. தொடரின் முடிவில் ஓடும் பெயர்களைப் படித்த ரசிகருக்கு, அடுத்த நல்ல தொடர் எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

நமக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். விலங்குகளின் பேச்சு புரியும் ராஜூ, அங்காடி வைத்திருக்கும் அங்கிள் முத்து, எதைக் கண்டாலும் பயந்து நடுங்கி, சாப்பாட்டைக் கண்டால் மட்டும் வீரனாகும் கோபால் எல்லாரும் நம்மவர்கள். கோபாலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனை வைத்துச் சிரிக்கிறார்களா, அவனோடு சேர்ந்து சிரிக்கிறார்களா என்று என் தோழிகளுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. அந்த வழக்கில் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, கோபாலுக்கு வசனம் எழுதும் அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது.

எழுதும் அறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2023ல் அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியத்தோடு செயற்கை நுண்ணறிவும் அதில் பெரிய பிரச்சினையாக இருந்தது. இயந்திரத்தை எழுத்தாளராகக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகுதான் வேலைக்குத் திரும்பினார்கள். 'உருவாக்கியவர் யார்' என்ற கேள்விக்கு வயதாகவே இல்லை.

நம்மில் பலர் இப்போதே படம் வரைந்து விற்கிறோம், வலையொளிக்குக் குறும்படம் எழுதுகிறோம், யாருக்கோ சின்னம் வடிவமைத்துத் தருகிறோம். மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987, பிரிவு 26ஐ ஒருமுறை படித்துவிடுங்கள். ஒருவர் கேட்டுச் செய்து கொடுத்த படைப்பும் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாகச் செய்த படைப்பும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவருக்கோ முதலாளிக்கோ போய்ச் சேரும் என்கிறது அது. படைப்பாளர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை தனி, அது பிரிவு 25ல் இருக்கிறது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938ல் எல்லா உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தபோது இருவருக்கும் 23 வயது. சக ஓவியர்கள் போராடி அவர்களுக்கு ஆண்டுத்தொகையும் சித்திரக்கதையில் பெயரும் மீட்டுக் கொடுத்தது 1975ல். அப்போது இருவரும் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். விலை பேசும் அன்றே பெயரையும் பேசி, எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

கடைசியாக, உங்களுக்கு ஒரு வேலை. நம் நாட்டில் எடுக்கப்படும் தமிழ்த் தொடர்களின் நடிகர்களை நாம் சாலையில் கண்டாலும் அடையாளம் கண்டுகொள்வோம். அவற்றுக்கு வசனம் எழுதுபவர்களில் மூவரின் பெயரைச் சொல்லச் சொல்லி என் வகுப்புத் தோழர்களிடம் கேட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது, அதுவும் அவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதால். உங்களுக்குப் பிடித்த உள்ளூர்த் தொடர், குறும்படம், நகைச்சுவைத் துணுக்கு எதுவாக இருந்தாலும் சரி, அதை எழுதியவர் யார் என்று இந்த வாரம் கண்டுபிடியுங்கள். முடிந்தால் அவரிடமே இரண்டு கேள்வி கேட்டு, பதிலையும் சேர்த்து இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வையுங்கள்.